புறக்கடைக் கோழிகளின் கண் நோய்கள்: மருந்துக்கு முன் பார்க்க வேண்டியவை

கோழியின் கண் கோளாறு பெரும்பாலும் மாலையில்தான் நமக்குத் தெரியவருகிறது. பகலெல்லாம் மேய்ந்து திரிந்தவை பஞ்சாரத்தை நோக்கி வரும் வேளையில், ஒன்று மட்டும் சுவரோரம் ஒதுங்கி, தலையைச் சாய்த்து, ஒரு கண்ணை மூடியபடி நிற்கும். பிடித்துப் பார்த்தால் இமை வீங்கியிருக்கும், அல்லது கண்ணோரத்தில் நுரை கட்டியிருக்கும், அல்லது இரண்டு இமைகளும் ஒட்டிப்போய்ப் பிரிக்க முடியாமல் இருக்கும். வீட்டில் யாருக்கோ வாங்கி மீந்துபோன சொட்டு மருந்தை எடுத்து இரண்டு சொட்டு விடுவதும், அது கேட்காவிட்டால் சின்ன வெங்காயச் சாற்றைப் பிழிந்து விடுவதும், அதற்கும் கேட்காவிட்டால் கோழியைக் குழம்புக்கு ஒதுக்கிவிடுவதுமே பல வீடுகளில் நடக்கிறது. கோழிக்குக் கண்ணில் தெரியும் நோய் கண்ணிலேயே தொடங்குவது குறைவு என்பதை அறிந்திருந்தால், அந்தக் கோழிகளில் பலவற்றைக் காப்பாற்றியிருக்கலாம்.

இதைப் புரிந்துகொள்ளக் கோழியின் தலை அமைப்பைச் சற்றுத் தெரிந்துகொள்ள வேண்டும். வெளியே தெரியும் கண் சிறியது. உள்ளே இருக்கும் விழியோ பெரியது. இரண்டு விழிகளையும் சேர்த்து நிறுத்தால் ஏறத்தாழ மூளையின் எடைக்கு நிகராக வரும். மனிதரைப் போலன்றிக் கோழி கண் மூடும்போது கீழ் இமையே பெரும்பாலும் மேலே எழுகிறது. அந்த இரண்டு இமைகளுக்கும் உள்ளே, மூக்குப் பக்கத்து மூலையிலிருந்து குறுக்காக ஓடித் தூசியைத் துடைக்கும் மெல்லிய மூன்றாவது இமை ஒன்று உண்டு. கண்ணீர் ஒரு குழாய் வழியாக மூக்கினுள் இறங்கி, அங்கிருந்து அண்ணத்தில் உள்ள பிளவின் வழியே வாய்க்கு வந்துவிடுகிறது. கண்ணுக்கு முன்னும் கீழுமாக ஒரு காற்றறை இருக்கிறது. அதன் வெளிப்புறத்தில் எலும்பு கிடையாது. தோலும் தசையும் மட்டுமே மூடியிருக்கும். மூக்கில் சளி கட்டினால் அது இந்த அறையை நிரப்பி, முகத்தை வீங்கச் செய்து, கண்ணைக் கீழிருந்து அழுத்தி மூடிவிடும். நாம் கண் வீங்கியிருப்பதாக நினைக்கிறோம். உண்மையில் வீங்கியது மூக்கின் பக்க அறை.

விழியின் பின்புறக் குழியில் உள்ள ஒரு சுரப்பியையும் இங்கே சொல்ல வேண்டும். அது கண்ணீரின் ஒரு பகுதியைச் சுரப்பதோடு, நோய் எதிர்ப்பு அணுக்கள் நிறைந்த காவல் நிலையமாகவும் இருக்கிறது. குஞ்சு பொரித்த முதல் வாரத்தில் ராணிக்கெட் எனப்படும் வெள்ளைக் கழிச்சல் நோய்க்கான லசோட்டா தடுப்பு மருந்தைக் கண்ணில் ஒரு சொட்டாக விடுவதற்கு இந்தச் சுரப்பியும் ஒரு காரணம். மருந்து அங்கே பட்டதும் கண்ணும் மூக்கும் தொண்டையும் சேர்ந்து எதிர்ப்பாற்றல் பெறுகின்றன.

வளர்ப்பவர்களை மிகவும் ஏமாற்றுவது சீழ். நமக்கோ மாட்டுக்கோ கண்ணில் சீழ் பிடித்தால் அது திரவமாக வடியும். மருந்து உள்ளே போவதற்கு வழி இருக்கும். பறவைகளின் வெள்ளணுக்களில் சீழை நீர்க்கச் செய்யும் நொதிகள் குறைவாக இருப்பதால், கோழியின் சீழ் திரிந்த பால் இறுகியதுபோல் கட்டியாகி, இமைக்கும் விழிக்கும் இடையே ஒரு வில்லையாக உட்கார்ந்துவிடுகிறது. அந்த வில்லை இருக்கும்வரை மேலே எத்தனை சொட்டு விட்டாலும் மருந்து விழியைத் தொடாது. அது நாட்கணக்கில் அழுத்திக்கொண்டேயிருந்தால் விழியின் மேற்படலம் புண்ணாகி, பின்னர் பூ விழுந்து, பார்வையே போய்விடும். மருந்து கேட்கவில்லை என்று பலர் சொல்வதன் பொருள், பெரும்பாலும் மருந்து போய்ச் சேரவில்லை என்பதே.

ஆகவே கோழியைக் கையில் எடுத்தவுடன் இரண்டு கேள்விகளைக் கேட்டுக்கொள்வது நல்லது. கோளாறு ஒரு கண்ணிலா, இரண்டு கண்ணிலுமா? ஒரு கோழிக்கு மட்டுமா, பலவற்றுக்குமா? ஒரு கோழிக்கு ஒரு கண்ணில் மட்டும் நீர் வடிந்தால் கொத்துக் காயம், உமி, முள், தூசி ஆகியவற்றை முதலில் சந்தேகிக்கலாம். பல கோழிகளுக்கு ஒரே வாரத்தில் கண் மூடினால் அது தொற்றாகவோ, கூண்டின் காற்றிலோ தீவனத்திலோ உள்ள குறையாகவோ இருக்கும். இந்த விதிக்கு விலக்குகள் உண்டு. சளி நோயும் ஒரு கண்ணில் தொடங்குவதுண்டு. ஆனாலும் எங்கே தேடத் தொடங்குவது என்பதை இந்தக் கேள்விகளே காட்டிவிடுகின்றன.

தொற்றுகளில் அடிக்கடி வருவது சளி. தொற்றுச் சளி எனப்படும் கோரைசா பிடித்த கோழிக்கு ஓரிரு நாளிலேயே முகம் வீங்கி, மூக்கும் கண்ணும் ஒழுகத் தொடங்கும். அருகில் போனால் ஒருவகைத் துர்நாற்றம் வீசும். அந்த நாற்றத்தை ஒருமுறை அறிந்தவர் மறுமுறை தவறவிட மாட்டார். இதை உண்டாக்கும் பாக்டீரியா உடலுக்கு வெளியே சில நாட்களுக்கு மேல் பிழைப்பதில்லை. ஆனால் நோயிலிருந்து எழுந்த கோழி வெளியே நலமாகத் தெரிந்தபடியே அதைச் சுமந்து திரியும். சந்தையில் வாங்கிவந்த ஒரு நல்ல வெடைக்கோழி, வந்த ஒரு வாரத்தில் வீட்டுக் கோழிகள் எல்லாவற்றுக்கும் சளியைக் கொடுப்பது இப்படித்தான். மைக்கோபிளாஸ்மா என்னும் நுண்ணுயிரால் வரும் நாள்பட்ட சுவாச நோய் இதைவிட மெதுவானது. கண்ணின் முன் மூலையில் சோப்பு நுரை போன்ற குமிழிகள் தெரிவதும், இரவில் கூண்டருகே காது வைத்தால் கர்கர் என்ற மூச்சு கேட்பதும், முட்டை குறைவதும் அதன் அடையாளங்கள். அது தாயிடமிருந்து முட்டை வழியாகக் குஞ்சுக்கும் போகும் என்பதால், அந்த நோய் கண்ட பெட்டையின் முட்டையை அடைவைப்பது நோயையும் சேர்த்து அடைவைப்பதாகிவிடும். இரண்டு நோய்களுக்கும் கால்நடை மருத்துவர் தரும் நுண்ணுயிர்க்கொல்லி குடிநீரிலோ ஊசியாகவோ உடலுக்குள் போக வேண்டும். கண்ணில் விடும் சொட்டு துணை மருந்து மட்டுமே. மருந்தால் அறிகுறி அடங்கும், நோய்க்கிருமி முழுதாக நீங்காது என்பதையும் வளர்ப்பவர் தெரிந்துவைத்திருக்க வேண்டும்.

புறக்கடை வளர்ப்பில் கண்ணை அதிகம் பாழாக்குவது அம்மைதான் என்பேன். கோழி அம்மை கொசுக்கடியாலும், கொத்திக்கொண்ட காயங்களின் வழியாகவும் பரவும் வைரஸ் நோய். கொண்டையிலும் தாடையிலும் அலகோரத்திலும் இமைகளிலும் முதலில் வெளிறிய சிறு கொப்புளங்களாகத் தோன்றி, பிறகு கரும்பழுப்பு மருக்களாகக் காய்ந்து பொருக்குத் தட்டும். கொண்டையில் உள்ள பொருக்கு கோழிக்குப் பெரிய தொல்லை தருவதில்லை. இமை விளிம்பில் வருவதே ஆபத்து. ஏனெனில் இமை ஒட்டிக்கொண்டு, உள்ளே கண்ணீரும் சீழும் தேங்கி, முன்பு சொன்ன வில்லை உருவாகிவிடும். இரண்டு கண்ணும் ஒட்டிய கோழி தீவனம் எங்கே, தண்ணீர் எங்கே என்று தெரியாமல் நிற்கும். அம்மையின் வெளித்தோல் வகையில் நோயால் சாவது குறைவு, பட்டினியால் சாவதே அதிகம். இந்த ஒரு செய்தியை மட்டும் ஊர்தோறும் சொல்ல முடிந்தால் எத்தனையோ நாட்டுக் கோழிகள் பிழைக்கும். நோய் தானாகவே இரண்டு முதல் நான்கு வாரங்களில் வடிந்துவிடும். அதுவரை அந்தக் கோழிக்கு ஒருவர் கையால் ஊட்ட வேண்டும், அவ்வளவே. சிறு உருண்டைகளாகப் பிடித்த ஈரத் தீவனத்தை அலகைத் திறந்து வைப்பதும், அலகின் நுனியைத் தண்ணீரில் தொடவைத்து அதுவே குடிக்கும்படி விடுவதும் ஒரு நாளைக்கு மூன்று வேளை நடந்தால் போதும். குடிநீரைத் தொண்டையில் ஊற்றக் கூடாது. அது மூச்சுக்குழலில் போய்விடும்.

பொருக்கைப் பிய்ப்பது கேடு. இரத்தம் கசியும், இமை விளிம்பு சிதைந்து பின்னர் சரியாக மூடாமல் போகும், உதிர்ந்த பொருக்கில் உள்ள வைரஸ் மாதக்கணக்கில் தரையில் உயிர்த்திருக்கும். வெதுவெதுப்பான உப்புநீரில் நனைத்த பஞ்சை இமைமீது சில நிமிடம் வைத்து ஊறவிட்டால், ஒட்டியது தானே இளகும். கிராமங்களில் மஞ்சளும் வேப்பிலையும் அரைத்துப் பூசுவது வழக்கம். கொண்டைப் பொருக்கின்மேல் எண்ணெயில் குழைத்துப் பூசுவதில் தவறில்லை. ஈ மொய்ப்பது குறையும், பொருக்கும் மென்மையாகும். ஆனால் அரைத்த விழுதைக் கண்ணுக்குள் இடக் கூடாது. அதிலுள்ள நார்த்துகள் விழிப்படலத்தைக் கீறிவிடும், உறைப்பு அதை எரிக்கும். கோழி அம்மை மனிதரைத் தொற்றுவதில்லை, சின்னம்மைக்கும் இதற்கும் தொடர்பில்லை; ஆகவே குழந்தை இருக்கும் வீட்டில் அஞ்சிக் கோழியைத் துரத்த வேண்டியதில்லை. ஆறு முதல் எட்டு வார வயதில் இறக்கை மடிப்புத் தோலில் போடும் தடுப்பூசி நல்ல காப்புத் தரும். போட்ட இடத்தில் ஒரு வாரம், பத்து நாள் கழித்துச் சிறு தடிப்பு வந்திருந்தால் ஊசி பிடித்துவிட்டது என்று அறியலாம்.

தீவனக் குறையால் வரும் கண் நோயை மருந்தால் வெல்ல முடியாது. குருணையும் சோற்றுப் பருக்கையுமே தின்று, பச்சை எதையும் காணாமல் கம்பிக் கூண்டில் அடைபட்டு வளரும் கோழிக்கு வைட்டமின் ஏ குறைகிறது. அரிசியில் அது இல்லை. வெள்ளைச் சோளத்திலும் இல்லை என்றே சொல்லலாம். கண்ணையும் மூக்கையும் ஈரமாக வைத்திருக்கும் மென்தோல், தன் இயல்பை இழந்து வறண்ட செதில்தோலாக மாறும். இமைக்குள் வெண்மையான கட்டி சேரும். அலகைத் திறந்தால் தொண்டையின் உட்புறத்தில் சிறுசிறு வெள்ளைக் கொப்புளங்கள் தெரியும். சளி நோயையும் இதையும் பிரித்தறிய அந்தத் தொண்டைக் கொப்புளங்கள் உதவும். துர்நாற்றமும் இதில் இருக்காது. மருத்துவர் சொல்லும் அளவில் வைட்டமின் கரைசல் கொடுத்து, அதன்பின் முருங்கைக் கீரை, அகத்திக் கீரை, மஞ்சள் மக்காச்சோளம் ஆகியவற்றை அன்றாடத் தீவனத்தில் சேர்த்தால் கோழி தேறும். வேலியோரம் மேய்ந்து வளரும் சிறுவிடைக் கோழிகளிடம் இந்தக் குறை அரிது. மாடியில் கூண்டு வைத்து, எஞ்சிய சோற்றை மட்டும் போட்டு வளர்க்கும் நகரத்து வீடுகளிலேயே இதை எதிர்பார்க்க வேண்டும்.

கூண்டின் காற்றும் கண்ணைக் கெடுக்கும். எச்சமும் ஈரமும் சேர்ந்த இடத்தில் அம்மோனியா எழுகிறது. காற்றில் பத்து லட்சத்தில் 25 பங்கைத் தாண்டினாலே அது கோழிக்குத் தொல்லை. 50 பங்கைத் தாண்டி நாட்கணக்கில் நீடித்தால் விழிப்படலம் புண்ணாகத் தொடங்கும். அப்படிப்பட்ட கோழி வெளிச்சத்தைத் தாங்காமல் இரண்டு கண்களையும் இறுக மூடிக்கொண்டு, தலையை இறக்கையில் தேய்த்தபடி குந்தியிருக்கும். மழைக்காலத்தில் சாரலுக்கு அஞ்சிச் சாக்கைக் கட்டிக் கூண்டை முழுதாக மூடும்போது இது நேர்கிறது. நின்றபடி முகர்ந்தால் தெரியாது. விடியற்காலையில் கூண்டைத் திறந்தவுடன் கோழியின் தலை இருக்கும் உயரத்துக்குக் குனிந்து மூச்சை இழுத்துப் பார்க்க வேண்டும். நம் கண் கரித்தால், இரவு முழுதும் அங்கே இருந்த கோழியின் கண் என்ன பாடுபட்டிருக்கும் என்பதை ஊகிக்கலாம். ஈரமான உமியை அள்ளி எறிந்து புதியதைப் பரப்புவதும், மேற்புறத்தில் காற்று போக இடைவெளி விடுவதுமே இதற்கு மருத்துவம். ஈரத்தை வாங்க எச்சத்தின்மீது சுண்ணாம்பைத் தூவும் பழக்கம் சிலரிடம் உண்டு. அது அம்மோனியாவை உடனடியாக இன்னும் கிளப்பிவிடும், அதன் தூளும் கண்ணை அரிக்கும். தூவியே ஆக வேண்டுமானால் கோழிகள் வெளியே மேயும் பகலில் தூவிக் கிளறி, மாலைக்குள் ஆறவிட வேண்டும்.

ஈரமும் வெப்பமும் மிக்க நாடுகளில் கண்புழு என்று ஒன்று உண்டு. மூன்றாவது இமையின் அடியில் ஒன்று முதல் இரண்டு சென்டிமீட்டர் நீளத்தில் வெள்ளை நூல் போல நெளியும் இந்தப் புழுவின் வாழ்க்கை வியக்கத்தக்கது. புழுவின் முட்டை கண்ணீரோடு மூக்குக்கும் வாய்க்கும் இறங்கி, விழுங்கப்பட்டு, எச்சத்தில் வெளியேறுகிறது. மண்ணிலும் குப்பையிலும் வளை தோண்டி வாழும் ஒருவகைக் கரப்பான் அதைத் தின்கிறது. அந்தக் கரப்பானைக் கோழி கொத்தித் தின்றால், இளம்புழு இரைப்பையில் விடுபட்டு, உணவுக்குழல் வழியே மேலேறி, வாயிலிருந்து கண்ணீர்க் குழாயைப் பிடித்துச் சில நிமிடங்களிலேயே கண்ணை அடைந்துவிடுகிறது. கோழி ஓயாமல் கண்ணைச் சொறிந்துகொண்டும், மூன்றாவது இமையை அடித்துக்கொண்டும் இருந்தால், நல்ல வெளிச்சத்தில் கீழ் இமையை மெல்ல இழுத்து அந்த மூலையைப் பார்க்க வேண்டும். மரத்துப்போகும் சொட்டு மருந்தை விட்டு மருத்துவர் புழுவை எடுத்துவிடுவார். வீட்டில் ஊக்கையோ குச்சியையோ வைத்து எடுக்க முயல்வது விழியைக் குத்துவதில் முடியும். கூண்டைச் சுற்றியுள்ள மரக்கட்டை, மட்கிய குப்பை ஆகியவற்றை அகற்றினால் கரப்பானும் குறையும், புழுவும் குறையும். இமையோரத்தில் கருநிறப் புள்ளிகளாகக் கொத்துக் கொத்தாகத் தெள்ளு ஒட்டியிருப்பதும் உண்டு. வாசலினைத் தடவி மூச்சடைக்கச் செய்தபின் மெல்லத் துடைத்தெடுக்கலாம்.

சில வேளைகளில் கண், உயிர் போகும் நோயின் முன்னறிவிப்பாக இருக்கும். கண்ணில் நீர் வழிந்து இமை வீங்கிய கோழி, அடுத்து வெள்ளையும் பச்சையுமாகக் கழிந்து, கழுத்தைத் திருகிக்கொண்டால் அது ராணிக்கெட் எனப்படும் வெள்ளைக் கழிச்சல். குமாவுன் மலையில் உள்ள ராணிக்கெட் என்னும் ஊரில் 1920களின் இறுதியில் கண்டறியப்பட்டதால் இந்தியாவில் அந்தப் பெயர் நிலைத்தது. இதற்குச் சிகிச்சை இல்லை, தடுப்பூசி மட்டுமே உண்டு. தமிழ்நாட்டில் கால்நடை பராமரிப்புத் துறை கோடைக்கு முன்பாக நடத்தும் கழிச்சல் தடுப்பூசி முகாம்களுக்குக் கோழிகளைக் கொண்டுபோக வேண்டும். நோயுற்ற கோழியைக் கையாண்ட விரலால் தன் கண்ணைத் தொட்டவருக்கும் சில நாள் கண் சிவந்து நீர் வடிவதுண்டு. தலை முழுதும் வீங்கி, கொண்டை நீலம் பாரித்து, ஒரே நாளில் பல கோழிகள் சாகுமானால் பறவைக் காய்ச்சல் என்று சந்தேகித்து, எதையும் தொடாமல் கால்நடை மருத்துவமனைக்குத் தெரிவிக்க வேண்டும். கண்ணின் நடுவே உள்ள கரும்புள்ளியான பாவையைச் சுற்றிய வண்ண வளையம் சாம்பல் நிறமாக வெளிறி, பாவையின் விளிம்பு கோணலாகி, வெளிச்சம் பட்டும் சுருங்காமல் இருந்தால் அது மாரக் நோயின் ஒரு வடிவம். 1907இல் அதை முதலில் விவரித்த அங்கேரி நாட்டு மருத்துவர் யோசெப் மாரக்கின் பெயரால் அது அழைக்கப்படுகிறது. அதற்கும் மருந்தில்லை.

இனி, கையால் செய்ய வேண்டியவை. கோழியை ஒரு துணியில் இறக்கையோடு சேர்த்துச் சுற்றி மடியில் வைத்துக்கொண்டால் அது திமிறாது. நெஞ்சை மட்டும் இறுக்கக் கூடாது, ஏனெனில் கோழி நெஞ்சை விரித்தே மூச்சு விடுகிறது. ஒரு லிட்டர் நீரைக் காய்ச்சி ஆறவைத்து 9 கிராம் உப்பைக் கரைத்தால், உடலின் நீருக்கு இணையான கழுவு நீர் கிடைக்கும். அதை வெதுவெதுப்பாக ஊசியில்லாத சிரிஞ்சில் எடுத்து, மூக்குப் பக்கத்து மூலையிலிருந்து பின்புறமாக மெல்ல ஓடவிட வேண்டும். உள்ளே வில்லை இருந்தால் ஊறவிட்டு, கீழ் இமையை விரலால் தாழ்த்தி, ஈரப் பஞ்சால் ஓரத்தை நெகிழ்த்தினால் பலமுறை அது முழுதாக வழுக்கி வந்துவிடும். இழுத்தும் வரவில்லை என்றால் மறுநாள் மீண்டும் ஊறவைக்கலாம், பிடுங்கக் கூடாது. வெளியே வந்த பின்பே கண் மருந்துக்குப் பயன் உண்டு.

எந்த மருந்து என்பதில் இரண்டு எச்சரிக்கைகளை அழுத்திச் சொல்ல விரும்புகிறேன். மருந்துக் கடையில் கிடைக்கும் மனிதருக்கான கண் சொட்டுகளில் பல, டெக்சாமெதசோன் போன்ற ஸ்டீராய்டு கலந்தவை. சிவப்பை உடனே தணிப்பதால் அவை வேலை செய்வதுபோலத் தோன்றும். விழிப்படலத்தில் புண் இருந்தாலோ, அம்மை வைரஸ் இருந்தாலோ அவை நிலைமையை மோசமாக்கி, விழியைத் துளைக்கும் அளவுக்குப் புண்ணை ஆழப்படுத்தும். புண் இருக்கிறதா என்பதை மருத்துவர் ஒரு சாயத்தை இட்டுப் பச்சையாகத் தெரிகிறதா என்று பார்த்துச் சொல்லிவிடுவார். இரண்டாவது, வீட்டு அலமாரிகளில் எளிதாகக் கிடைக்கும் குளோரம்பெனிகால் கண் களிம்பு. உணவுக்காக வளர்க்கும் பிராணிகளுக்கு அதைப் பயன்படுத்த இந்தியாவில் தடை உள்ளது. நாம் தின்னும் முட்டையில் அது சிறிதளவும் இருக்கக் கூடாது என்பதே காரணம். மற்ற நுண்ணுயிர்க்கொல்லிகள் கொடுத்தாலும், எத்தனை நாள் முட்டையை ஒதுக்க வேண்டும் என்று மருத்துவரிடம் கேட்டு அந்த நாட்களில் முட்டையைப் புதைத்துவிட வேண்டும். குழந்தைக்கு முட்டை கொடுக்கவென்றே நாட்டுக்கோழி வளர்ப்பவர்கள் இதை மறக்கக் கூடாது.

கண் நோய் கண்ட கோழியை வேறு பஞ்சாரத்தில், மங்கிய வெளிச்சத்தில், தனித் தண்ணீர்ப் பாத்திரத்தோடு வைக்க வேண்டும். சளி பெரும்பாலும் பொதுத் தண்ணீர்ப் பாத்திரத்தின் வழியாகவே கைமாறுகிறது. நலமான கோழிகளுக்குத் தீவனம் வைத்த பிறகே நோயுற்றதன் பக்கம் போக வேண்டும், இந்த வரிசையை மாற்றக் கூடாது. சந்தையிலிருந்து வரும் எந்தக் கோழியையும் மூன்று வாரமாவது தனியே வைத்துப் பார்க்காமல் கூட்டத்தில் விடலாகாது.

எல்லாம் செய்த பின்னும் ஒரு கண் போய்விடுவதுண்டு. ஒற்றைக் கண் கோழி மேயும், முட்டையிடும், அடைகாத்துக் குஞ்சும் பொரிக்கும். பார்வையற்ற பக்கத்திலிருந்து திடீரென்று பிடித்தால் மட்டும் பதறி மோதிக்கொள்ளும். அதனால் தெரியும் பக்கமாகக் குரல் கொடுத்துக்கொண்டே நெருங்க வேண்டும். தீவனத் தட்டையும் தண்ணீரையும் நாளும் ஒரே இடத்தில் வைத்தால், சில நாட்களில் அது மற்றக் கோழிகளுக்கு முன்பாகவே அங்கே வந்து நிற்கும்.